உங்கள் ஆபீசில் யார் எழுந்து வாதாடுகிறார்கள்?

சிறிய வக்கீல் ஆபீஸ் நடத்தும் சீனியர்களுக்காக எழுதுகிறேன். மதுரையில் சிவில், கிரிமினல் இரண்டும் பார்க்கும் ஆபீஸ் என்னுடையது. பல தரப்பிலிருந்தும் ஜூனியர்களைச் சேர்த்துவிடலாம். அவர்கள் நிலைப்பதும் விலகுவதும், நீதிபதி முன் யாரை எழுந்து பேச விடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

முதலில் பணம். "ரெண்டு வருஷம் தொழில் கத்துக்கோ, சம்பளம் அப்புறம்" என்றால், வீட்டில் தாங்கிப்பிடிக்க ஆள் உள்ளவர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, பார் கவுன்சிலும் சுற்றறிக்கை அனுப்பியது: ஜூனியருக்குக் குறைந்தது சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000. மாதத் தொடக்கத்திலேயே வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். குடும்பத்தில் முதல் வக்கீலாக வந்தவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார், ஒருநாள் சொல்லாமலே நின்றுவிடுவார்.

ஆள் எடுக்கும்போது "எந்த ஊர், அப்பா என்ன பண்றார்?" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று இருவருக்கும் தெரியும். முடிந்துபோன கேஸ் கட்டு ஒன்றைப் பெயர்களை மறைத்துக் கொடுத்து, நடந்ததைத் தேதிவாரியாக எழுதச் சொல்லுங்கள், தமிழிலோ ஆங்கிலத்திலோ. ஆங்கிலம் தடுமாறுகிறது என்று யாரையும் ஒதுக்கவேண்டாம். ஹைகோர்ட் பெட்டிஷனை உடன் உட்கார்ந்து திருத்திக் கற்றுக்கொடுத்துவிடலாம். ஆனால் "கிழக்கால வரப்பைத் தாண்டி வந்தான்" என்று சாட்சி சொன்னதும், அங்கே நின்றால் என்ன தெரியும், என்ன தெரியாது என்று சட்டென்று பிடித்துக் குறுக்கு விசாரணை செய்யும் திறமை கிராமத்திலிருந்து வந்த ஜூனியரிடம்தான் இருக்கிறது.

அடுத்தது வேலைப் பங்கீடு. என் மேஜையில் ஒரு நோட்டு இருக்கும். ஒவ்வொரு கேஸுக்கும் டிராஃப்ட் போட்டது யார், வாய்தா வாங்கியது யார், நகல் மனுப் போட்டது யார், வாதாடியது யார் என்று நான்கு கட்டங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புரட்டிப் பார்த்தால் எல்லாம் வெளிச்சமாகிவிடும். பெண்களுக்கு ஜீவனாம்ச வழக்கும் குடும்ப நீதிமன்றமும், பையன்களுக்குக் கொலை வழக்கும் ஜாமீனும் என்று தானாகவே பிரிந்திருக்கும். ஒருவர் பெயர் வாய்தாக் கட்டத்திலேயே தேங்கி நின்றால், அடுத்த இடைக்கால மனுவை அவரிடமே கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், குறுக்கே பேசாதீர்கள்.

கட்சிக்காரர் தடுப்பார். "மேடம், நீங்களே பேசிருங்க, அந்தப் பொண்ணு வேணாம்" என்பார். அந்த ஜூனியரை உள்ளே கூப்பிட்டு, அவர் முன்னாலேயே பதில் சொல்லுங்கள்: "அண்ணே, உங்க கட்டை முழுசாப் படிச்சது இவங்கதான். நான் கூட இருப்பேன், பேசப்போறது இவங்க." தனியாகச் சமாதானம் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு நம் நிலைப்பாடு தெரியாமலே போய்விடும்.

கட்சிக்காரர் சந்திப்பை ராத்திரி ஒன்பது மணிக்கு வைக்கிற பழக்கத்தையும் விடவேண்டும். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவரால் அதில் உட்கார முடியாது. காபி வாங்கிவருவது யாராக இருந்தாலும் முறைவைத்துச் செய்யட்டும். மாடியில் ஆபீஸ் இருந்தால், படியேற முடியாதவருக்குக் கீழே ஓர் அறை பாருங்கள். இ-ஃபைலிங்கும் காணொலி விசாரணையும் வந்த பிறகு நிறைய வேலையை உட்கார்ந்த இடத்திலேயே முடிக்கலாம்.

சத்யஸ்ரீ ஷர்மிளா 2018-இல் நாட்டின் முதல் திருநங்கை வழக்கறிஞராகப் பதிவு செய்தது நம் பார் கவுன்சிலில்தான். அப்படி ஒருவர் உங்களிடம் வந்தால், அவர் சொல்லும் பெயரே போர்டிலும் இருக்கட்டும், குமாஸ்தா வாயிலும் வரட்டும்.

பாலியல் தொல்லைப் புகாருக்கு 2013 சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். நம்மைப் போன்ற சிறிய ஆபீஸ்களுக்கு மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு இருக்கிறது. அதன் முகவரியைச் சுவரில் ஒட்டுங்கள், சேர்ந்த அன்றே ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள். புகார் சீனியர் மேலேயே இருந்தாலும் அங்கே கொடுக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.