உப்புக்காற்றுக்கு ஏற்ற எண்ணெய்: பூசுவதும் பிடித்துவிடுவதும்

ராமநாதபுரம் கடற்கரையில் தேவிபட்டினத்திலிருந்து ஏர்வாடி வரை யாரைக் கேட்டாலும் தோலுக்குத் தேங்காய் எண்ணெய் என்றுதான் சொல்வார்கள். நல்ல எண்ணெய்தான். ஆனால் பூசும் முறை தெரியாவிட்டால் சட்டைதான் எண்ணெய் குடிக்கும். எண்ணெயில் தண்ணீர் கிடையாது. தோலில் இருக்கிற ஈரம் காற்றோடு போகாமல் மூடிவைப்பதுதான் அதன் வேலை.

எதை வாங்குவது

ரீஃபைண்டு எண்ணெயைக் காரம் சேர்த்து, களிமண்ணில் நிறம் நீக்கி, 200 டிகிரிக்கு மேல் நீராவி விட்டு வாடை எடுக்கிறார்கள். வைட்டமின் ஈ கொஞ்சம் போகும். பதிலுக்கு வாடையும் பிசுக்கும் குறைவு. தாளிக்கச் செக்கு எண்ணெய்தான் வேண்டும் என்று சண்டை போடுகிற ஆள் நான். உடம்பு பிடித்துவிட மட்டும் ரீஃபைண்டு கட்சி.

புதிதாகத் தொடங்குபவர்கள் சூரியகாந்தி எண்ணெய் வாங்குங்கள். அதிலுள்ள லினோலிக் அமிலம் தோலின் மேலடுக்குக்கு நல்லது. சமையல் பாக்கெட்டே போதும்; கலப்பு எண்ணெயா என்று மட்டும் லேபிளைப் பாருங்கள். ஆலிவ் எண்ணெய்க்குக் காசைக் கொட்ட வேண்டாம், வறண்ட தோலுக்கு அது அவ்வளவு ஒத்துவராது. முகப்பரு உள்ளவர்கள் முகத்தில் தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள். தேமல் மேல் எந்தச் சமையல் எண்ணெயும் வேண்டாம், அந்தப் பூஞ்சைக்கு எண்ணெய்தான் தீனி.

முழங்கையின் உட்புறம் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அந்த எண்ணெய் உங்களுக்கு இல்லை.

பூசுவது

முதலில் உப்பைக் கழுவுங்கள். கழுவாமல் தேய்த்தால் உப்புத்தூள் தோலை அராவும். போர் தண்ணீர் உப்புக் கரிக்கிற ஊராக இருந்தால் கடைசி ஒரு செம்பு மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். குடம் விலை தெரியும், ஒரு செம்பு போதும். துண்டால் ஒற்றி, தோல் ஈரமாக இருக்கும்போதே பூசுங்கள். ஒரு கைக்கு அரை டீஸ்பூன். வழிந்தால் அதிகம்.

வலைக்கயிறு இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கைக்கு இது காணாது. இரவில் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் கையை ஊறவையுங்கள். சூரியகாந்தி மூன்று பங்கு, விளக்கெண்ணெய் ஒரு பங்கு கலந்து, கட்டைவிரல் அடியிலும் விரல் கணுக்களிலும் அழுத்தித் தேய்த்து, பழைய பருத்தித் துணியைச் சுற்றிப் படுங்கள். மரிக்கொழுந்து பாசி என்கிற கடற்பாசி எடுக்கப்போய்ப் பாறை கீறிய கை என்றால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காயம் ஆறும்வரை எண்ணெய் வேண்டாம். சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்ட இடத்தையும் தேய்க்கக் கூடாது.

பிடித்துவிடுவது

எண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குங்கள், அடுப்பில் நேராக வேண்டாம். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, பாதத்தில் தொடங்கி மேல்நோக்கி உருவுங்கள். கெண்டைக்காலை உள்ளங்கையால் அணைத்துப் பிடித்து மெதுவாக ஏறுங்கள். முழங்காலின் பின்பள்ளத்தில் அழுத்தவே கூடாது. கீழே இறங்கும்போது வெறும் தடவல்தான்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் கை வைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். காய்ச்சல் நேரத்திலும், நரம்பு சுருட்டிய இடத்திலும் தேய்க்க வேண்டாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவருக்குச் சூடு தெரியாது, ஆறிய எண்ணெய்தான். கைக்குழந்தைக்குக் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைப் பாட்டி சொன்னாலும் தேய்க்காதீர்கள்; வலிப்பு வரலாம்.

வைத்துக்கொள்வது

சின்ன பாட்டிலில் ஊற்றி, வெயில் படாமல் வையுங்கள். காறல் வாடை வந்ததைத் தோலுக்கு எடுக்காதீர்கள். எண்ணெய் ஊறிய துண்டுகளைச் சலவைச் சோடா போட்டு வெந்நீரில் துவைத்து, விரித்துக் காயப்போடுங்கள். குவித்து வைத்தால் அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிப்பதும் உண்டு.