பழைய லேப்டாப் எழுந்திருக்க நேரமாகிறதா? ஃபார்மட் அடிப்பதற்கு முன்

காலையில் பட்டனை அழுத்திவிட்டுப் போய் டீ போட்டு, குடித்து முடித்துவிட்டு வந்தாலும் திரையில் அந்தச் சின்னப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். எட்டு, பத்து வருடப் பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. யாரைக் கேட்டாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ஃபார்மட் அடிச்சிடுங்க, சரியாகிடும்."

அந்தப் பதிலை நம்பி அவசரப்படாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சில வருடங்களுக்கு முன் என் அக்காவின் லேப்டாப் ஆன் ஆக ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது. வைரஸ்தான் என்று நினைத்து ராத்திரி முழுக்க ஸ்கேன் ஓடவிட்டேன். மறுநாள் டிஃப்ராக் (டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளைச் சேர்த்து அடுக்கும் வேலை) போட்டேன். மூன்றாம் நாள் உள்ளேயிருந்து டிக், டிக் என்று சத்தம். அப்புறம் அது எழுந்திருக்கவே இல்லை. விண்டோஸ் போனால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அக்கா மகளின் முதல் இரண்டு வருடப் படங்கள் அந்த ஒரு இடத்தில் மட்டும்தான் இருந்தன. ஹார்ட் டிஸ்க் ஓய்ந்துகொண்டிருந்ததால்தான் லேப்டாப் மெதுவாக ஆனது. அதன் தலையில் நான் இரண்டு நாள் பாரத்தை ஏற்றியிருக்கிறேன்.

ஆகவே மற்ற எல்லாத் தவறுகளையும்விடப் பெரியது, பேக்கப் எடுக்காமல் கையை வைப்பது. ஹார்ட் டிஸ்க்கில் ஓர் இடம் கெட்டுப்போனால் அது உடனே "முடியவில்லை" என்று சொல்லிவிடாது. அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கும். அதுவரை விண்டோஸ் காத்துக்கொண்டு நிற்கும். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அது வெறும் "ஸ்லோ"தான். முதலில் படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ எடுத்து வையுங்கள். பிறகு டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து பாருங்கள். நீலத்தில் 'குட்' என்று இருந்தால் இப்போதைக்கு நிம்மதி. மஞ்சளில் 'காஷன்' என்று வந்தால் வேகப்படுத்தும் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, டிஸ்க்கை மாற்றும் வழியைப் பார்க்க வேண்டும்.

டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் மெதுவாக இருக்கிறதா? நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். கையில் மொபைலை வைத்துக்கொண்டு மூன்று பகுதிகளாக அளந்தாலே தெரிந்துவிடும். பட்டனை அழுத்தியதிலிருந்து புள்ளிகள் சுற்றத் தொடங்கும் வரை ஒன்று. அங்கிருந்து பாஸ்வேர்ட் கேட்கும் வரை இரண்டு. பாஸ்வேர்ட் போட்டதிலிருந்து பிரவுசர் ஒழுங்காகத் திறக்கும் வரை மூன்று.

முதல் பகுதியே நீள்கிறது என்றால் விண்டோஸ் மேல் குற்றமே இல்லை. இந்த இடத்தில் ஃபார்மட் அடிப்பது வீண் வேலை. பழைய மெஷின்களில் மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்து, ஒவ்வொரு முறையும் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடி மெஷினை எழுப்பும் புரோகிராம்) செட்டிங் தொழிற்சாலையில் வைத்தபடி ஆகிவிடுவதால், சிலவற்றில் முதலில் நெட்வொர்க்கில் விண்டோஸைத் தேடி, கிடைக்காமல், அதற்கப்புறம்தான் டிஸ்க்குக்கு வரும். விலை குறைவான ஒரு பேட்டரியை மாற்றினால் போதும்.

மூன்றாம் பகுதி நீண்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கத்துக்குப் போங்கள். மீட்டிங் ஆப், சாட் ஆப், கேம் லாஞ்சர் போன்றவற்றை நிறுத்தலாம். ஆன்டிவைரஸ், டச்பேட், சவுண்ட் சம்பந்தப்பட்டவற்றைத் தொட வேண்டாம். விண்டோஸ் தொடங்கும் விதத்தை மாற்றும் எம்எஸ்கான்ஃபிக்கைத் திறந்து, பின்னணியில் ஓடும் சர்வீஸ்கள் எல்லாவற்றையும் மொத்தமாக நிறுத்தச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. அதைச் செய்து உள்ளே நுழையவே முடியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே வீடியோக்களில் வரும் இன்னொரு வித்தை, பிராசசர் எண்ணிக்கையை அதிகபட்சமாக வைப்பது. விண்டோஸ் எப்போதுமே பிராசசருக்குள் இருக்கும் எல்லா கோர்களையும்தான் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) பயன்படுத்துகிறது. அந்தக் கட்டம் குறைப்பதற்கு மட்டுமே உதவும். பிரீஃபெட்ச் ஃபோல்டரைக் காலி செய்வதும் அப்படித்தான். ஆன் ஆகும்போது எந்தெந்த ஃபைல் தேவை என்று விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் குறிப்பு அது. அதை அழித்தால் அடுத்த முறை இன்னும் மெதுவாகும். விண்டோஸ் செட்டிங்குகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ரெஜிஸ்ட்ரி கிளீனர், ஒரே மெஷினில் இரண்டு ஆன்டிவைரஸ், இரண்டும் வேண்டாம்.

ஷட் டவுன் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. தினமும் ஷட் டவுன் செய்கிறேன், ரீஸ்டார்ட் எதற்கு என்று கேட்பார்கள். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால் ஷட் டவுன் முழுதாக அணைப்பதில்லை. விண்டோஸின் மையப் பகுதியான கர்னலின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த நாள் அதையே எடுத்து விரிக்கிறது. பழைய சிக்கலும் கூடவே வந்துவிடும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். வாரம் ஒருமுறையாவது கொடுங்கள்.

இனி, இரண்டாம் பகுதியும் மூன்றாம் பகுதியும் சேர்ந்தே நீள்கிறது என்றால், பெரும்பாலும் காரணம் ஹார்ட் டிஸ்க்கின் இயல்புதான். லேப்டாப்புகளில் வழக்கமாக இருப்பது நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் டிஸ்க். ஒரு சுற்றுக்கே சுமார் 11 மில்லி செகண்ட். டிஸ்க்கைப் படிக்கும் ஊசி நகர்ந்து, வேண்டிய இடம் அடியில் வந்து சேர்ந்து, ஒரு சின்ன ஃபைலைப் படிப்பதற்குள் 15 மில்லி செகண்டுக்கு மேல் ஆகிவிடும். ஒரு செகண்டில் அறுபது, எழுபது இடங்களைத் தொடுவதே பெரிய விஷயம். ஆன் ஆகும்போது தேவைப்படுவதோ இப்படி ஆயிரக்கணக்கான துண்டுகள். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சிப்களில் தகவலை வைக்கும் எஸ்எஸ்டியில் சுற்றும் பாகமே கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவில் கிடைத்துவிடும்.

இங்கேதான் பணத்தைத் தவறான இடத்தில் போடுகிறார்கள். முதலில் ரேம் (வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) வாங்குகிறார்கள். 2 ஜிபி மட்டும் இருந்தால் அதுவும் தேவைதான்; 4 ஜிபி இருந்தால் முதலில் எஸ்எஸ்டி, அப்புறம் ரேம். இன்னும் சிலர் குச்சி மாதிரி இருக்கும் என்விஎம்இ எஸ்எஸ்டியை வாங்கி வந்துவிட்டு, செருக இடமில்லாமல் நிற்கிறார்கள். பழைய லேப்டாப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது 2.5 அங்குல சாட்டா வகை (பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த அதே இடத்தில், அதே இணைப்பில் பொருந்துவது). தமிழக அரசு 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த மெஷின்களை இன்னும் வைத்திருப்பவர்களும் இந்த வகையைத்தான் பார்க்க வேண்டும். பழைய சாட்டா போர்ட்டில் முழு வேகம் வராது, வீண் செலவு என்பார்கள். பெரிய ஃபைல் காப்பி செய்யும்போது அது உண்மை. ஆன் ஆகும் நேரத்துக்கு அது பொருட்டே இல்லை, ஏனென்றால் லாபம் அந்தக் காத்திருப்பு போவதில்தான் இருக்கிறது.

எஸ்எஸ்டி போட்ட பிறகு எந்த விண்டோஸ் என்ற கேள்வி வரும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசசரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கும். குறுக்கு வழியில் அதைத் திணிப்பதைவிட, விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட்டின், பழைய மெஷினுக்கு இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுவதுதான் என் பரிந்துரை. பிரவுசர், லிப்ரே ஆபிஸ், தமிழ்99 தட்டச்சு எல்லாம் அதில் உண்டு.

கழற்றிய பழைய டிஸ்க்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். கேட்டு வாங்கி வந்து, எதையும் அழிக்காமல் ஒரு மாதமாவது அலமாரியில் வையுங்கள். எடுத்து வைக்க மறந்த ஏதாவது ஒரு ஃபோல்டர் அந்த ஒரு மாதத்துக்குள் கட்டாயம் ஞாபகம் வரும்.