பழைய பிராசஸரோடு புது கிராபிக்ஸ் கார்டு: வாங்கும் முன் ஒரு சோதனை

என் கணினியில் ஓடுவது 2018இல் வந்த ரைசன் 5 2600, பி450 மதர்போர்டு. இந்த மாதிரி பழைய பிராசஸரில் புது கிராபிக்ஸ் கார்டு போட்டால் பாட்டில்நெக் ஆகுமா, அதாவது பிராசஸரின் மந்தம் கார்டின் வேகத்தைத் தடுக்குமா என்று கேட்டால், எந்த கேம், எந்த ரெசல்யூஷன், எத்தனை எஃப்பிஎஸ் (ஒரு நொடிக்குத் திரையில் வரும் படங்கள்) வேண்டும் என்றுதான் நான் முதலில் கேட்பேன். பிராசஸர் பெயரையும் கார்டு பெயரையும் வாங்கிக்கொண்டு ஒரு சதவீதத்தைத் துப்பும் கால்குலேட்டர்களை நம்பாதீர்கள். அவற்றுக்கு இந்த மூன்றுமே சரியாகத் தெரியாது.

இப்போதிருக்கும் கார்டை வைத்தே உண்மையைக் கண்டுபிடிக்கலாம். அதிகம் ஆடும் கேமில் ஆள் நடமாட்டம் நிறைந்த சந்தை, நகரம் மாதிரி இடத்துக்குப் போங்கள். வி-சிங்க் (எஃப்பிஎஸ்ஸை மானிட்டரின் வேகத்தோடு கட்டிவைக்கும் அமைப்பு), எஃப்பிஎஸ் வரம்பு இரண்டையும் அணையுங்கள். கார்டின் வேலை குறைய, ரெசல்யூஷனை 1280×720க்கு இறக்குங்கள். கூட்டத்தின் அடர்த்தி, பார்வைத் தூரம் இவற்றில் கை வைக்காதீர்கள். அவை பிராசஸருக்கு வேலை வைப்பவை. இப்போது கார்டின் பயன்பாடு 90 சதவீதத்துக்கு நன்றாகக் கீழே இருந்தால், திரையில் தெரியும் எஃப்பிஎஸ்தான் உங்கள் பிராசஸரின் உச்சம். அது 70 என்றால், எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் அந்த இடத்தில் 70ஐ ஒட்டித்தான் வரும்.

டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் 40 சதவீதம் என்று காட்டுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். கேமின் முக்கிய திரெட் (வேலை வரிசை) பிராசஸருக்குள் இருக்கும் பல கோர்களில் ஒரே கோரை நிரப்பிவிட்டால் மீதி கோர்கள் சும்மா நிற்கும்.

அந்த 70 உங்களுக்குப் போதுமா? போதும் என்றால் தாராளமாக வாங்குங்கள். கூடுதல் பலத்தை 1440பி, உயர்ந்த டெக்ஸ்சர் என்று படத்தின் தரத்தில் செலவழிக்கலாம். ஆனால் ரே டிரேசிங் (ஒளியையும் நிழலையும் நிஜம்போலக் கணக்கிடும் முறை) பிராசஸருக்கும் சுமை ஏற்றும், அதைப் போட்டால் உச்சம் இன்னும் இறங்கும். டிஎல்எஸ்எஸ் அப்ஸ்கேலிங் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் என்விடியா முறை) இந்த உச்சத்தை உயர்த்தாது. பிரேம் ஜெனரேஷன் (நடுநடுவே செயற்கைப் படங்களைச் சேர்ப்பது) எஃப்பிஎஸ் எண்ணிக்கையை ஏற்றும், ஆனால் மவுஸ் அசைவுக்கு கேம் பதில் தரும் வேகம் கூடாது.

கார்டைத் தேர்ந்தெடுக்கும்போது பிசிஐஇ லேன்களைப் பாருங்கள்; கார்டுக்கும் போர்டுக்கும் இடையே தரவு போகும் பாதைகள் இவை. பலர் கவனிக்காத விஷயம் இதுதான். ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600 இரண்டும் 8 லேன் கார்டுகள். பி450 போன்ற பிசிஐஇ 3.0 போர்டில் ஒவ்வொரு லேனுக்கும் அடுத்த தலைமுறையான 4.0இன் பாதி வேகம்தான். சாதாரணமாக இழப்பு சிறியது. கார்டின் 8 ஜிபி நினைவகம் நிரம்பி வழிந்து, மீதி இந்த லேன்கள் வழியே போய்வரும்போதுதான் ஆட்டம் திக்கித் திணறும். அதனால் பழைய போர்டுக்கு 12 அல்லது 16 ஜிபி கார்டையே நான் சொல்வேன். 4 லேனும் 4 ஜிபியும் கொண்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வேண்டவே வேண்டாம். ரீசைசபிள் பார் (கார்டின் முழு நினைவகத்தையும் பிராசஸர் ஒரே வீச்சில் அணுகும் வசதி) இல்லாத கணினியில் இன்டெல் ஆர்க் கார்டுகளும் சரிப்படாது.

ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் அதே மாதிரி இன்னொன்று சேர்த்து, பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பியை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்குங்கள். பவர் சப்ளையின் வாட், கார்டுக்கான கனெக்டர், கேபினட்டில் நீளம் மூன்றையும் சரிபாருங்கள்.

70 போதாது, ஏஎம்4 சாக்கெட் கொண்ட போர்டு (பி450 அந்த வகைதான்) இருக்கிறது என்றால் புது கார்டுக்கு முன் ரைசன் 5 5600 அல்லது 5700எக்ஸ்3டி போடுவது நல்லது. பழைய பிராசஸரைக் கழற்றும் முன்பே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். பழைய பயாஸில் புது பிராசஸர் பூட் ஆகாமல் போகலாம்.