ஓய்வுக்குப் பிறகு பிக்கிள்பால்: ஷூ வாங்குவதிலிருந்து ஸ்கோர் சொல்வது வரை

நியூஜெர்சியில் எங்கள் பக்கத்துப் பூங்காவுக்குக் காலை ஒன்பது மணிக்குப் போனால், பிக்கிள்பால் ஆடுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்திருக்கும். துளைகள் உள்ள பிளாஸ்டிக் பந்தைச் சின்ன மட்டையால் நெட்டுக்கு மேலே அடித்து, பெரும்பாலும் பக்கத்துக்கு இரண்டு பேராக ஆடும் ஆட்டம் இது. ரிட்டயர் ஆனவர்களும், ஆறு மாத விசாவில் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து பகலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்களும் எட்டிப் பார்க்க வேண்டிய இடம். எப்படி அடிப்பது என்று காட்டும் வீடியோக்கள் ஏராளம். அறுபதைத் தாண்டியவர் முதலில் கற்க வேண்டியவை வேறு இரண்டு: ஸ்கோர் சொல்வது, பின்னால் ஓடாமல் இருப்பது. அடி தானாகப் பழகிவிடும்.

1. சாமான்கள்

காசை ஷூவில் போடுங்கள். ரன்னிங் ஷூ நேராக முன்னால் போவதற்கென்று செய்தது. இந்த ஆட்டத்தில் பக்கவாட்டில்தான் அதிகம் நகர்வோம், அதில் கணுக்கால் மடங்கும். கோர்ட் ஷூ அல்லது டென்னிஸ் ஷூ என்று கேட்டு வாங்குங்கள்.

பேடில், அதாவது மட்டை, 60 முதல் 80 டாலருக்குள் போதும். மரப் பேடில் கனம், முழங்கை பிடித்துக்கொள்ளும். 16 மில்லிமீட்டர் தடிமனும் 220 கிராம் சுமாரான எடையும் என் தேர்வு. மெல்லிய பேடில் பந்தை விருட்டென்று தள்ளும். நமக்கு வேண்டியது வேகமல்ல, பிடிமானம். பந்து, திறந்தவெளிக்கு 40 துளை, உள்ளரங்குக்கு 26 துளை. விளையாட்டுக்கான பாலிகார்பனேட் கண்ணாடியும் ஒன்று வாங்கிவிடுங்கள். நெட் அருகே நாலு பேர் நிற்கும்போது பந்து எங்கிருந்து வருமென்று சொல்ல முடியாது.

2. கோர்ட்டும் கிச்சனும்

பாட்மின்டன் ஆடியவர்களுக்கு இது பழகிய அளவு, அதே 20க்கு 44 அடி. 1965இல் வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில் ஜோயல் பிரிட்சர்டும் நண்பர்களும் வீட்டிலிருந்த பாட்மின்டன் கோர்ட்டில்தான் இதை ஆடத் தொடங்கினார்கள். நெட் மட்டும் தாழ்வு: ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34.

நெட்டின் இரு பக்கமும் 7 அடி வரை கிச்சன். அதற்குள் நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. வெளியே நின்று அடித்து, அந்த வேகத்தில் கால் உள்ளே போனாலும் தவறுதான். பந்து உள்ளே விழுந்து எழும்பினால் தாராளமாகப் போய் அடிக்கலாம். சர்வீஸையும் அதற்கான பதில் அடியையும் ஒருமுறை தரையில் பட்ட பிறகே தொட வேண்டும். சர்வீஸ் எதிரே குறுக்குக் கட்டத்தில் விழ வேண்டும். கிச்சன் கோட்டில் பட்டால் செல்லாது. தோள்பட்டை வலி உள்ளவர்கள் பந்தைக் கையிலிருந்து சும்மா கீழே விட்டு, அது எழும்பும்போது அடித்து சர்வீஸ் போடலாம். விதியில் அனுமதி உண்டு.

3. ஸ்கோர் சொல்வது

புதிதாக வருகிறவர்கள் திணறுவது இங்கேதான். சர்வீஸ் போடுபவர் ஒவ்வொரு முறையும் மூன்று எண்களைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்: தன் அணியின் பாயின்ட், எதிரணியின் பாயின்ட், தன் அணியில் சர்வீஸ் போடும் முதல் ஆளா இரண்டாவது ஆளா என்பது. சர்வீஸ் போடும் அணிக்குத்தான் பாயின்ட். 11 எடுத்தால் வெற்றி, ஆனால் இரண்டு வித்தியாசம் வேண்டும்.

குழப்பம் மூன்றாவது எண்ணில். "நான் ஒன்று, நீ இரண்டு" என்று ஆட்டம் முழுக்க நிலையாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. சர்வீஸ் உங்கள் பக்கம் வரும் ஒவ்வொரு முறையும், அப்போது வலது பக்கம் நிற்பவர்தான் ஒன்று.

நீங்கள் வலது பக்கம் நிற்கிறீர்கள், உங்களுக்கு 3, அவர்களுக்கு 5 என்று வைத்துக்கொள்வோம். "3-5-1" என்று சொல்லிப் போடுகிறீர்கள். ஜெயித்தால் நீங்களும் ஜோடியும் இடம் மாறுவீர்கள்; இடது பக்கத்திலிருந்து "4-5-1". இதில் தோற்றால் யாரும் நகர வேண்டாம். ஜோடி தான் நிற்கும் இடத்திலிருந்தே "4-5-2". அதிலும் தோற்றால் சர்வீஸ் எதிரணிக்கு. அவர்களில் வலது பக்கம் நிற்பவர் "5-4-1" என்று தொடங்குவார். ஆட்டத்தின் ஆரம்பத்தில் மட்டும் முதல் அணிக்கு ஒரே ஒருவர்தான் போடலாம் என்பதால் "0-0-2".

எங்கே நிற்க வேண்டும் என்று மறந்துவிட்டதா? உங்கள் அணியின் பாயின்ட் இரட்டைப்படை என்றால், ஆட்டம் தொடங்கியபோது வலது பக்கம் நின்றவர் இப்போதும் வலது பக்கம். ஒற்றைப்படை என்றால் இடது. அந்த ஆள் மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டால் சண்டையே வராது. போட்டிகளில்கூடக் கைப்பட்டை கட்டித்தான் அடையாளம் வைக்கிறார்கள்.

4. கால்

தலைக்கு மேல் பந்து போகும்போது அதைப் பார்த்தபடியே பின்னால் எட்டு வைக்காதீர்கள். குதிகால் தட்டி மல்லாந்து விழுவோம். கையை ஊன்றினால் மணிக்கட்டு எலும்பு முறியும். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, முன்னால் பார்த்து ஓடிப்போய் எடுக்கலாம். இல்லையா, "யுவர்ஸ்" என்று ஜோடிக்குக் குரல் கொடுங்கள். அதுவும் முடியாதா, விட்டுவிடுங்கள். ஒரு பாயின்ட்தானே! வேறு பந்து ஏதாவது பின்னால் உருண்டு கிடந்தால் ஆட்டத்தை நிறுத்தி எடுத்துவிட்டுத் தொடருங்கள்.

கெண்டைக்காலை நீட்டி மடக்கிய பிறகே இறங்குங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது, தலையில் அடிபட்டால் அவர்களுக்கு ஆபத்து அதிகம். விசாவில் வந்திருக்கும் பெற்றோர் என்றால் பயணக் காப்பீட்டுப் பத்திரத்தைப் பிரித்து, விளையாட்டுக் காயங்கள் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பிள்ளைகள் ஒருமுறை படித்துவிட வேண்டும். இங்கே எலும்பு முறிவுக்கு வரும் பில் சாமானியமானதல்ல.

5. வரிசையில் பேடில் வைப்பது

யாரையும் அழைத்துப் போகத் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் வந்து ஆடும் 'ஓப்பன் ப்ளே' நேரத்தில் வேலியோரம் பேடில் மாட்டும் ரேக் இருக்கும். அங்கே உங்கள் பேடிலை வரிசையில் வையுங்கள். நாலு நாலு பேராகக் கோர்ட்டுக்குப் போவார்கள். கூட்டம் அதிகமானால் ஆட்டம் முடிந்ததும் நால்வரும் வெளியேறுவார்கள். பேடிலில் பெயர் ஒட்டிவையுங்கள், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். "நான் புதுசு" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தருவார். ஆடி முடித்ததும் நெட்டுக்கு வந்து நாலு பேரும் பேடிலைத் தட்டிக்கொள்வது வழக்கம், மறக்காதீர்கள்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். முப்பது வருடம் "சார்" என்றே கேட்டுப் பழகியவரை, பேரன் வயதுப் பையன் பெயரைப் பாதியாகச் சுருக்கிக் கூப்பிடுவான். நம் பக்கத்து ஆட்கள் பலர் இரண்டாவது வாரத்தில் அதையே ரசிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

பின்சேர்க்கை: "அம்மா புடவையில் ஆடலாமா?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வேண்டாம், கொசுவத்தில் கால் மாட்டும். சுடிதார் நன்றாக வரும். துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட வேண்டும். "குளிர்காலத்தில் பந்து உடைந்துகொண்டே இருக்கிறது" என்றார் இன்னொருவர். 40 துளைப் பந்து கெட்டியான பிளாஸ்டிக், குளிரில் விரிசல் விடும். நவம்பர் வந்தால் ஒய்எம்சிஏ அல்லது ஊர் சீனியர் சென்டர் உள்ளரங்குக்கு மாறிவிடுங்கள். காலை நேரத்துக்கு முன்பதிவு செய்ய வேண்டியிருக்கும்.