கடலாமையோடு நீந்தப் போகிறீர்களா? முதலில் புல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

சென்னைக்காரர்களுக்கு ஆமை என்றதும் ஜனவரி முதல் மார்ச் வரை பெசன்ட் நகர், நீலாங்கரைக் கரையில் ஆமை முட்டைகளைத் தேடித் தன்னார்வலர்கள் ராத்திரியில் போகும் ஆமை நடைதான் ஞாபகத்துக்கு வரும். அதனாலோ என்னவோ, "ஆமையைத் தண்ணீருக்குள் பார்க்க வேண்டும், எங்கே போகலாம்?" என்று என்னிடம் கேட்பவர்களில் பலர், ஆமை முட்டையிடும் கரை எது என்று தேடித்தான் ஆரம்பிக்கிறார்கள். அங்கேயே வழி தவறிவிடுகிறது. முட்டையிட வரும் இடம் வேறு, மேயும் இடம் வேறு. நம் கரைக்கு வரும் பங்குனி ஆமை முட்டையைப் புதைத்துவிட்டு அப்படியே கடலுக்குத் திரும்பிவிடும். நீங்கள் பின்னாலேயே இறங்கினாலும் கலங்கல் தண்ணீரில் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. ஒடிசாவின் ருஷிகுல்யா, ஓமானின் ராஸ் அல் ஜின்ஸ் எல்லாம் இந்த வகைதான், இருட்டில் கரையில் நின்று பார்க்க வேண்டிய இடங்கள். மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் போட்டு மேலே மிதந்தபடி பார்க்கும் ஸ்நார்க்கெலிங் செய்ய வேண்டுமென்றால் ஆமையின் சாப்பாட்டைத் தேடிப் போக வேண்டும்.

உலகத்தில் கடலாமை மொத்தம் ஏழு வகை. ஸ்நார்க்கெலிங் போகிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பது இரண்டைத்தான். ஒன்று பேராமை. வளர்ந்த பேராமைக்குக் கடற்புல்லும் பாசியும்தான் உணவு, அதனால் மணல் தரையுள்ள ஆழம் குறைந்த விரிகுடாக்களிலும், பவளத்தீவுகளைச் சுற்றிய காயல்களிலும் மாடு மாதிரி மேய்ந்துகொண்டிருக்கும். இன்னொன்று அழுங்காமை. கிளி மூக்கு மாதிரி கூரான வாய், பவளப்பாறை இடுக்கில் வளரும் கடற்பஞ்சைப் பிய்த்துத் தின்னும், எண்ணிக்கையில் மிகவும் குறைந்துபோன இனம். முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது பேராமையைத்தான். புல்தரையில் அது ஒரே இடத்தில் வெகுநேரம் இருக்கும், ஆழமும் குறைவு, நீங்கள் மேலே மிதந்தபடியே நிதானமாகப் பார்க்கலாம். அழுங்காமை பாறைக்குப் பாறை நகர்ந்துகொண்டே இருக்கும், கூடவே போக நீச்சல் தெம்பு வேண்டும்.

புல் மட்டும் இருந்தால் போதுமா என்றால், போதாது. ராமேஸ்வரம் பக்கம் பாக் நீரிணையில் கடற்புல் ஏராளம், பேராமையும் உண்டு, கடற்பசுவான ஆவுளியாவுக்கென்றே 2022ல் அதற்கு வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் ஒரு காப்பகம் அறிவித்தார்கள். ஆனால் தண்ணீர் கலங்கலாக இருப்பதால் அது பார்க்கப் போகிற இடம் இல்லை. புல், தெளிந்த தண்ணீர், கரையிலிருந்து நடந்தே இறங்கும் வசதி, இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த இடம்தான் வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. யோசிக்கிற தீவைக் கூகுள் மேப்பில் சாட்டிலைட் படமாகத் திறந்து பாருங்கள். கரையை ஒட்டி வெளிர் நீலத்துக்கு நடுவே கரும்பச்சைத் திட்டுகள் தெரிந்தால் அது புல்லாகவோ பவளமாகவோ இருக்கும். விளம்பரப் படத்தில் பாலைக் கொட்டினாற்போல முழுக்க வெள்ளை மணலாக இருக்கும் கரையில் ஆமைக்குத் தின்ன ஒன்றும் இல்லை. மாலத்தீவில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அங்கே பல ரிசார்ட்டுகள் தண்ணீர் 'அழுக்காக' தெரிகிறது என்று கடற்புல்லைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தன, அதை நிறுத்தச் சொல்லி 2019ல் ஒரு பிரசாரமே நடந்தது. அதனால் அறை பதிவு செய்யும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். கரையிலிருந்தே நீந்திப் போகிற பவளப்பாறை, அதாவது ஹவுஸ் ரீஃப், இருக்கிறதா? கடற்புல்லை விட்டுவைத்திருக்கிறீர்களா? இரண்டாவது கேள்விக்கு சந்தோஷமாகப் பதில் சொல்கிற இடத்தை நம்பலாம். அங்கே லவியனி அட்டோல் (வளையமான பவளத் தீவுக்கூட்டம்) பக்கம் ஆமைக்கென்றே பெயர்பெற்ற பாறைகள் உண்டு. ரிசார்ட் செலவு கட்டுப்படி ஆகாதவர்கள் உள்ளூர்த் தீவுகளில் இருக்கும் கெஸ்ட் ஹவுஸில் தங்கிப் படகில் போய் வரலாம்.

லட்சத்தீவு விஷயம் இன்னும் சுவாரசியமானது. அகத்தி காயலில் ஒரு காலத்தில் பேராமைகள் அவ்வளவு பெருகி, கடற்புல்லை ஒட்ட ஒட்ட மேய்ந்துவிட்டன. புல்லை நம்பியிருந்த மீன் குறைந்து மீனவர்கள் வருத்தப்படும் அளவுக்குப் போனது, ஆராய்ச்சியாளர்களும் வருடக் கணக்கில் அதைத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். புல் தீர்ந்ததும் கூட்டம் கத்மத் போன்ற வேறு தீவுகளின் காயலுக்கு நகர்ந்தது. இதிலிருந்து பயணிக்கு என்ன தெரிகிறது? ஐந்து வருடத்துக்கு முன் யாரோ "இங்கே இருபது ஆமை பார்த்தோம்" என்று எழுதியது இன்றைக்கு உதவாமல் போகலாம். கடந்த இரண்டு மூன்று மாதத்தில் போனவர்கள் போட்ட படத்தையும் தேதியையும் பாருங்கள், அப்புறம் உள்ளூரில் யாரையாவது பிடித்து இப்போது எந்தப் பக்கம் மேய்கிறது என்று கேளுங்கள்.

அடுத்தது காற்று. டிக்கெட் விலையைப் பார்த்துத் தேதி முடிவு செய்வதுதான் நான் அதிகம் பார்க்கிற தப்பு. சோளகக் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, அடிக்கும் மே முதல் செப்டம்பர் வரை இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகள் கலங்கிக் கிடக்கும், அதே நேரத்தில் கிழக்கே திருகோணமலைப் பக்கம் தண்ணீர் குளம் மாதிரி நிற்கும். வாடைக் காலத்தில் அப்படியே தலைகீழ். மாலத்தீவு டிசம்பர் முதல் ஏப்ரல் வரை தெளிவு. லட்சத்தீவுக்கு அக்டோபரிலிருந்து மே நடுப்பகுதிக்குள் போய்விட வேண்டும். மலேசியாவின் பெர்ஹெந்தியன் தீவுகளில், சென்னையில் வாடை மழை கொட்டும் மாதங்களில் பெரும்பாலான விடுதிகள் பூட்டியே கிடக்கும், மார்ச்சுக்குப் பிறகு அக்டோபர் வரை நல்ல காலம். ஒரே இடம்தான், மாதம் மாறினால் ஒன்றுமே தெரியாமல் திரும்பி வருவீர்கள்.

சரி, இடத்தை முடிவு செய்தாயிற்று, யாரோடு போவது? இந்தக் கேள்வியில் எனக்கு ஒரு பழைய வருத்தம் இருக்கிறது. பல வருடத்துக்கு முன் ஒரு தீவில் "ஆமை கியாரண்டி" என்று சொன்ன படகில் ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது ஒரே ஆமையைச் சுற்றி ஒன்பது படகு, தண்ணீரில் ஐம்பது பேருக்குக் குறையாது. ஆமைக்கு நுரையீரல்தான், மூச்சுக்கு அது மேலே வந்தே ஆக வேண்டும். அது பாதி வழி ஏறும், மேலே முழுக்கக் கால்கள் உதைத்துக்கொண்டிருக்கும், திரும்பக் கீழே போகும். மூன்று முறை இப்படி நடந்தது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன் என்பது இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து கியாரண்டி என்ற வார்த்தையைக் கேட்டால் அந்தப் படகில் ஏறுவதில்லை.

படகு ஏற்பாடு செய்கிறவரிடம் வாட்ஸ்அப்பிலேயே கேட்டுவிடலாம். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? ஆறேழு பேருக்கு மேல் என்றால் வேண்டாம். வழிகாட்டி உங்களோடு தண்ணீரில் இறங்குவாரா, படகிலேயே உட்கார்ந்திருப்பாரா? ஆமை இருக்கும் இடத்துக்குப் படகை நேராக ஓட்டிப் போவாரா, தள்ளி நிறுத்தி நீந்தச் சொல்வாரா? காலை ஏழு மணிக்கே கிளம்ப முடியுமா? ரிவ்யூ படிக்கும்போது ஐந்து நட்சத்திரப் பாராட்டைவிடப் படங்களைப் பாருங்கள். ஓட்டின்மேல் கை வைத்த படம், ஆமையைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று இருந்தாலும் அந்த ஆளை விட்டுவிடுங்கள்.

தீனி போடும் இடங்களையும் தவிர்த்துவிடலாம் என்பது என் கருத்து. இலங்கையின் ஹிக்கடுவவில் முழங்கால் தண்ணீருக்கே ஆமை வரும், சுற்றுலாப் பயணிகள் கையிலிருந்து பாசியை வாங்கித் தின்னும், குழந்தைகளுக்கு அது பெரிய குதூகலம்தான். ஆனால் மனிதனைக் கண்டால் சாப்பாடு என்று பழகிய ஆமை படகைக் கண்டும் விலகாது, மோட்டார் இறக்கையில் அடிபட அதிக நாள் ஆகாது. திருகோணமலை நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு எனக்கு அதைவிடப் பிடிக்கும். 2003லிருந்து அது தேசியப் பூங்கா, கரைக்கு அருகிலேயே கருமுனைச் சுறாக் குட்டிகள் சுற்றிவரும், ஆமை கண்ணில் பட்டால் அன்றைக்கு அதிர்ஷ்டம், பேசுவதற்கும் தமிழே போதும். கரையெல்லாம் உடைந்த பவளத்துண்டு, செருப்பில்லாமல் இறங்கினால் கால் கிழிந்துவிடும். கூட்டம் சேரும் முன் முதல் படகிலேயே போய்விடுங்கள்.

கொஞ்சம் தூரம் போகலாம் என்றால் பிலிப்பைன்ஸின் ஆபோ தீவு. 1980களில் அந்தத் தீவு மீனவர்களே மீன்பிடிக்காத பகுதி ஒன்றை ஒதுக்கிக் காவல் காக்கத் தொடங்கினார்கள், இன்றைக்கு ஊருக்கு எதிரிலேயே பேராமைகள் மேய்கின்றன. எகிப்தின் மர்சா ஆலம் பக்கம் அபு தப்பாப் விரிகுடா இன்னொன்று. மணல் கரையிலிருந்து நடந்தே இறங்கலாம், கீழே புல், மேய்வதெல்லாம் பெரிய பெரிய பேராமைகள், நேரம் கூடினால் ஆவுளியாகூட வரும். குளிர்காலத்தில் அங்கே தண்ணீர் நம் உடம்புக்குச் சில்லென்று இருக்கும், முழுக்கை வெட்சூட் கட்டாயம்.

நீச்சல் தெரியாதவர்கள் என்ன செய்வது என்று தயங்க வேண்டாம், ஆனால் இடத்தை அதற்கேற்ற மாதிரி எடுங்கள். படகிலிருந்து ஆழத்தில் குதிக்கும் இடமெல்லாம் வேண்டாம், இடுப்பளவு தண்ணீரில் நின்று பழகக்கூடிய காயல் வேண்டும். கிளம்பும் முன் ஊரில் ஏதாவது நீச்சல் குளத்தில் நாலு நாள் மாஸ்க் போட்டு வாயால் மூச்சுவிடப் பழகுங்கள். மாஸ்க்கை மட்டும் சொந்தமாக வாங்கிவிடுங்கள், முகத்துக்குப் பொருந்தாத வாடகை மாஸ்க்கில் தண்ணீர் ஏறினால் அன்றைய நாளே போச்சு. சன்ஸ்கிரீனுக்குப் பதில் முழுக்கைச் சட்டை நல்லது. ஆக்ஸிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீன் பவளத்துக்குக் கேடு என்று ஹவாயில் 2021லிருந்து அதன் விற்பனையையே தடை செய்திருக்கிறார்கள்.

தண்ணீருக்குள் போனதும் ஆமையிடமிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளியே இருங்கள். அதன் தலைக்கு நேர் மேலே போகாதீர்கள், பக்கவாட்டில் மிதந்தபடி இருங்கள். பெர்ஹெந்தியனில் ஒரு காலையில் நான் அசையாமல் கிடந்தேன், கீழே ஒரு பேராமை புல்லைக் கறக் கறக்கென்று வெட்டி மேய்ந்துகொண்டிருந்தது, ஒவ்வொரு கடிக்கும் மணல் புகை மாதிரி எழும்பி அடங்கும், ஓட்டின்மேல் ஒட்டுமீன் ஒன்று கூடவே சவாரி. கொஞ்ச நேரத்தில் முன்துடுப்பை ஒரே ஒரு தடவை தள்ளியது, என்னைத் தாண்டி ஏறித் தலையை வெளியே நீட்டிப் புஸ்ஸென்று மூச்சு விட்டது, அந்தச் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. திரும்ப இறங்கி விட்ட இடத்திலிருந்தே மேய ஆரம்பித்தது. மேய்வதை நிறுத்தி உங்களைப் பார்க்கிறது என்றால் நீங்கள் ரொம்பக் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம், பின்வாங்குங்கள்.

ஒரே இடத்தில் மூன்று இரவாவது தங்குங்கள். ஒருநாள் டூரில் காற்றோ கலங்கலோ வந்தால் அவ்வளவுதான், மூன்று நாள் இருந்தால் ஒரு காலையாவது கிடைக்கும். கடல் ஏற்றத்தின்போது ஆமைகள் மேட்டுப் புல்லுக்கு வரும் என்பதால் விடுதியில் ஏற்ற நேரத்தைக் கேட்டு அதற்கேற்ப இறங்குங்கள்.

பள்ளி விடுமுறையில் மே மாதம் குடும்பத்தோடு போகிறீர்கள் என்றால் நான் சொல்வது பெர்ஹெந்தியன், செலவு குறைவாக வேண்டுமென்றால் திருகோணமலை. ஜனவரி, பிப்ரவரி என்றால் மாலத்தீவின் உள்ளூர்த் தீவு. லட்சத்தீவுக்கு இந்தியர்களுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும், பெரும்பாலும் கொச்சியிலிருந்து கப்பலிலோ விமானத்திலோதான் போக வேண்டியிருக்கும், இடமும் சீக்கிரம் நிரம்பிவிடும், அதனால் பிப்ரவரியில் போக நினைத்தால் தீபாவளிக்கு முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.