பச்சைச் சர்க்கரைவள்ளியைக் கேரட் மாதிரி கடிக்கலாமா?

கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் இடத்தைத் தாண்டிப் போகிறவர்களில், ஒன்றை எடுத்துத் துடைத்து அப்படியே கடிக்காதவர் குறைவு. மண்ணுக்கடியில் விளைவதைப் பச்சையாகத் தின்றால்தான் முழுச் சத்து என்ற நினைப்பு நீலகிரிக்காரர்களுக்கு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். போன பொங்கலுக்குப் பக்கத்து வீட்டு அக்கா ஒரு கிண்ணத்தை நீட்டினார். துருவிய பச்சைச் சர்க்கரைவள்ளி, மேலே எலுமிச்சையும் மிளகும். "வேக வெச்சா சத்தெல்லாம் தண்ணியோட போயிடுதாம் கண்ணு, போன்ல பாத்தேன்" என்றார். நான் இரண்டு ஸ்பூன் தின்றேன். அவர் ஒரு கிண்ணம் முழுக்கத் தின்றார். சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, "வயிறு கும்முனு இருக்குது, ஓமத் தண்ணி இருக்குதா?" என்று கேட்டார்.

பச்சைச் சர்க்கரைவள்ளி விஷமில்லை. விஷம் என்று பயப்பட வேண்டியது மரவள்ளியைப் பார்த்துத்தான். மரவள்ளியில் சயனைடாக மாறக்கூடிய பொருள் இருக்கிறது, அதைப் பச்சையாகத் தின்னவே கூடாது. பெயரில் இரண்டுமே வள்ளி என்பதால் குழந்தைகளுக்கு இந்த வித்தியாசத்தைக் காட்டிக் கொடுத்துவிடுவது நல்லது. உருளைக்கிழங்கு பச்சை நிறம் பிடித்தால் வரும் சோலனின் என்ற நச்சைப் பற்றிய கவலையும் சர்க்கரைவள்ளிக்குக் கிடையாது. இது உருளைக்கு நெருங்கிய சொந்தம் இல்லை. வேலியில் ஊதா நிறத்தில் பூக்கும் மார்னிங் குளோரி கொடியின் குடும்பம். அந்த வேலிப் பூவையும் இதன் பூவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அக்கா தங்கை மாதிரி இருக்கும்.

அப்படியானால் அக்காவின் வயிறு ஏன் உப்பியது? கேரட்டோடு ஒப்பிட்டதுதான் தவறு. 100 கிராம் கேரட்டில் மாவுச்சத்து ஏறக்குறைய ஒன்றரை கிராம். சர்க்கரைவள்ளியில் 12 கிராமுக்கு மேல். வேகாத மாவுச்சத்து இறுகிய மணிகளாக இருக்கும். அரிசியை ஊறவைக்காமல் மென்று பார்த்தவர்களுக்கு அது தெரியும். நம் செரிமான நீர் அதை முழுதாக உடைக்க முடியாமல் விட, மிச்சம் பெருங்குடலுக்குப் போகிறது, அங்குள்ள நுண்ணுயிரிகள் அதைப் புளிக்கவைக்கின்றன, வாயு சேருகிறது. 'செரிக்காத மாவுச்சத்து குடலுக்கு நல்லதாச்சே' என்று கேட்கலாம். கொஞ்சமாக என்றால் சரிதான். அதற்குப் பச்சையாகத் தின்ன வேண்டியதில்லை. வேகவைத்து ஆறவைத்த கிழங்கிலேயே அந்த வகை மாவுச்சத்து ஓரளவு உருவாகிவிடும்.

இன்னொன்று, புரதம். பச்சைக் கிழங்கை வாழைப்பழத்தோடு பாலில் அடித்துக் குடித்தால் உடம்பு ஏறும் என்று ஜிம் பையன்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 100 கிராம் கிழங்கில் இருப்பதே ஒன்றரை கிராம் சொச்சம் புரதம். அதில் பெரும்பங்கு ஸ்போராமின். கிழங்கு தன்னைப் பூச்சியிடமிருந்து காத்துக்கொள்ள வைத்திருக்கும் ஆயுதம் அது. நம் சிறுகுடலில் புரதத்தைச் செரிக்க வைக்கும் டிரிப்சினின் கையைக் கட்டிப்போடுகிற வேலையை அது செய்கிறது. சூடு பட்டால் பெருமளவு அடங்கிவிடும். பச்சையாகக் குடித்தால், பாலில் இருக்கும் புரதத்துக்கும் சேர்த்துத் தடை போட்டுக்கொள்கிறோம்.

போனில் வரும் சத்துப் பட்டியலில் அதிகம் ஏமாறுவது வைட்டமின் ஏ விஷயத்தில். 100 கிராம் பச்சைச் சர்க்கரைவள்ளியில் உடம்பில் வைட்டமின் ஏ-வாக மாறும் பீட்டா கரோட்டின் சுமார் 8500 மைக்ரோகிராம் என்று போட்டிருக்கும். பொய் இல்லை, ஆனால் அது அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் ஆரஞ்சுச் சதைக் கிழங்கின் கணக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வந்து நம் மார்க்கெட்டில் குவிவது பெரும்பாலும் சிவப்புத் தோல், வெள்ளைச் சதை. அதில் பீட்டா கரோட்டின் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. தோல் நிறத்தைப் பார்த்து ஏமாறாமல் ஒரு துண்டு ஒடித்து உள்ளே பாருங்கள். திருவனந்தபுரத்தில் இருக்கும் மத்தியக் கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் ஆரஞ்சுச் சதையில் பூ சோனா, ஊதாச் சதையில் பூ கிருஷ்ணா என்று ரகங்கள் கொடுத்திருக்கிறது. ஆரஞ்சுக் கிழங்கை ஆப்பிரிக்காவில் பரப்பி, குழந்தைகளின் வைட்டமின் ஏ குறையைப் போக்க உழைத்தவர்களுக்கு 2016இல் உலக உணவுப் பரிசே கிடைத்தது. அவர்களில் மூன்று பேர் பெருவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தைச் சேர்ந்தவர்கள். உருளைக்குப் பேர்போன ஊரில் உட்கார்ந்து இதை எழுதும் எனக்கு அதில் ஒரு சின்னச் சந்தோஷம். சரி, ஆரஞ்சுக் கிழங்கே கிடைத்தாலும் பச்சையாகத் தின்றால் கரோட்டின் முழுதாக உடம்பில் சேராது. வெந்து சதை இளகி, கூடக் கொஞ்சம் எண்ணெயோ தேங்காய்த் துருவலோ இருந்தால்தான் நன்றாகச் சேரும். தாளித்துத் தேங்காய் போட்ட பொரியலை எங்கள் மாமியார் சத்து பார்த்துச் செய்யவில்லை, ஆனால் சரியாகத்தான் செய்தார்.

அக்கா சொன்னதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. தோலைச் சீவி, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டுக் கொட்டினால் வைட்டமின் சி-யும் பொட்டாசியமும் தண்ணீரோடுதான் போகும். மண் போகத் தேய்த்துக் கழுவி, முழுசாகத் தோலோடு ஆவியில் வைத்தால் அந்த நஷ்டம் குறையும். வைட்டமின் சி-க்காக மட்டும் பச்சைக் கிழங்கைக் கடிக்கிறவர்கள் ஒரு கொய்யா வாங்கித் தின்னலாம். 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, பல்லுக்கும் சுகம்.

நம் ஊரில் மட்டும் நடக்கும் தவறு வேறு. பச்சையாகத் தின்னக் கூடாது என்று தெரிந்தவர்களும் தெரியாமல் பாதி பச்சையாகத் தின்கிறார்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கோயம்புத்தூர்த் தங்கை இட்லிப் பானையில் வைக்கும் நேரம் நமக்குப் போதாது. மேலே பதமாகத் தெரியும், நடுவில் 'கறுக்'கென்று நிற்கும். குக்கரில் இந்தத் தொல்லை இல்லை. பானையில்தான் வைப்பேன் என்றால் ஈர்க்குச்சியால் நடுவரை குத்திப் பார்த்து இறக்குங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் குளிர். சர்க்கரைவள்ளி வெப்பத்துக்குப் பழகிய பயிர். 12 டிகிரிக்குக் கீழே சில நாள் கிடந்தாலே உள்ளுக்குள் நோகும். அதனால்தான் ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது என்கிறார்கள். ஆனால் பொங்கல் சமயத்தில் எங்கள் சமையலறையே ஃப்ரிட்ஜ்தான், விடியற்காலையில் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கிற நாட்கள் அவை. கீழே போய்ப் பொங்கலுக்கு மூன்று கிலோ வாங்கி வந்து, மூலையில் சாக்கில் போட்டு வைத்தேன். பத்து நாள் கழித்து எடுத்து ஆறு விசில் விட்டேன். சுற்றிலும் வெந்திருந்தது. நடுவில் கட்டைவிரல் தடிமனுக்கு வெளிறி, வேகாத உருளை மாதிரி கட்டையாக நின்றது. குக்கரைத் திட்டினேன். குக்கர் மேல் தப்பில்லை, குளிர் பட்ட கிழங்கின் நடு எவ்வளவு வேகவைத்தாலும் இளகாது. இப்போதெல்லாம் நாலு நாளைக்கு மட்டும் வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, அடுப்புக்கு மேல் அலமாரியில் கூடையில் வைக்கிறேன்.

சர்க்கரை இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கணப்பில் சாம்பலுக்குள் புதைத்துச் சுட்ட கிழங்கு அத்தனை இனிப்பது ஏன் தெரியுமா? மெல்ல மெல்லச் சூடேறும்போது கிழங்கிலேயே இருக்கும் நொதி, மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றிக்கொண்டே போகிறது. சுட்டது ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும், அவித்தது அவ்வளவு ஏற்றாது. இதைச் சொன்னதும் 'அப்ப பச்சையா தின்னா இன்னும் நல்லதுதானே' என்றார் அக்காவின் வீட்டுக்காரர். ஓமத் தண்ணீரை ஞாபகப்படுத்தினேன். சிறுநீரகக் கல் வந்தவர்கள் இதில் ஆக்சலேட் இருப்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டு. கிழங்கை நறுக்கும்போது வெள்ளையாகப் பால் கசிந்து விரலில் பிசுபிசுத்தால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. காற்றுப் பட்டுக் கறுப்பதும் இயல்புதான், தண்ணீரில் போட்டால் நின்றுவிடும். ஆனால் தோலில் குண்டூசி குத்தின மாதிரித் துளை, உள்ளே கறுப்பாகச் சுரங்கம், கசப்பு வாடை இருந்தால் வேறு கதை. வண்டோ பூஞ்சையோ தாக்கினால் கிழங்கு எதிர்ப்புக்காகக் கசப்பான நச்சுப் பொருட்களைச் சுரக்கிறது. அவை வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. கெட்ட இடத்தை மட்டும் செதுக்கிவிட்டு மீதியைச் சமைப்பது நம் வழக்கம். கசப்பு தட்டினால் முழுக் கிழங்கையும் தூக்கிப் போட்டுவிடுங்கள், மாட்டுத் தொட்டியில் மட்டும் போடாதீர்கள். பூஞ்சை பிடித்த சர்க்கரைவள்ளியைத் தின்ற மாடுகளுக்கு நுரையீரல் வீங்கி, மூச்சு முட்டிச் சாகும் அளவுக்குப் போகும். எங்கள் மாமியார் அதைக் குழி தோண்டிப் புதைப்பார், பக்கத்தில் மேயும் மாடு யாருடையது என்றுகூடப் பார்க்க மாட்டார்.