எஞ்சின் கொதிக்கும்போது செய்யக் கூடாதவை

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதோ, கத்திரி வெயிலில் நெரிசலுக்குள் ஊர்ந்து செல்லும்போதோ வெப்பநிலை முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால், "இன்னும் இரண்டு வளைவுதானே, மேலே போய் நிறுத்திக்கொள்ளலாம்" என்று நினைப்பதுதான் அதிகச் செலவு வைக்கும் தவறு. இன்றைய கார்களில் எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. அளவுக்கு மீறிச் சூடானால் அது வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் பழுதாகி, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் எஞ்சின் ஆயிலோடு கலந்துவிடக்கூடும். ஒரு ஹோஸை மாற்றுவதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, எஞ்சினையே பிரித்துப் பார்க்கும் வேலையாகிவிடும்.

முள் ஏறத் தொடங்கியதுமே ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழு அளவில் வைத்தால் எஞ்சினின் சூட்டில் ஒரு பகுதி காருக்குள் வந்துவிடும். வியர்த்துக் கொட்டினாலும் ஓரங்கட்டுவதற்கு அது அவகாசம் தரும். சிவப்பு விளக்கு எரிந்தாலோ ஆவி கிளம்பினாலோ உடனே பாதுகாப்பாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.

அடுத்த தவறு கண்ணையே பறிக்கக்கூடியது. மூடிய அமைப்புக்குள் அழுத்தத்தில் இருப்பதால் கூலன்ட் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ரேடியேட்டர் மூடியைத் திருகிய கணத்தில் அந்த அழுத்தம் விடுபட, திரவம் ஒரேயடியாகக் கொதித்து முகத்திலும் கையிலும் பீறிட்டு அடிக்கும். துணியைப் போர்த்தித் திறந்தால் ஒன்றும் ஆகாது என்று யார் சொன்னாலும் தயவுசெய்து கேட்காதீர்கள். குறைந்தது அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். எஞ்சினை அணைத்த பிறகும் மின்விசிறி தானாகச் சுழலத் தொடங்கலாம் என்பதால் அதன் அருகே விரல் போகக் கூடாது.

சூடான எஞ்சினுக்குள் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் ஆபத்துதான். திடீர்க் குளிர்ச்சியில் உலோகம் விரிசல் விடலாம். நன்றாக ஆறிய பின், கூலன்ட் கைவசம் இல்லையென்றால், அவசரத்துக்குக் குடிதண்ணீரை ஊற்றிக்கொள்ளலாம். ஆனால் போர் தண்ணீரை ஊற்றி அப்படியே மாதக்கணக்கில் ஓட்டினால் ரேடியேட்டர் குழாய்களில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும்.

மறுபடி கிளம்பியதும் முள் சட்டென்று இறங்கினால் நிம்மதி அடைய வேண்டாம். கூலன்ட் முழுவதும் ஒழுகி, சென்சார் வெறும் ஆவியில் நிற்பதாலும் அப்படிக் காட்டும். ஹீட்டரில் சூடான காற்று வருவது நின்றுவிட்டால், இழுவை வண்டியை அழைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பட்டறையில், "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் இனி சூடே ஆகாது" என்று சொல்வார்கள். எஞ்சின் சூடாகும் வரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வுதான் அது. கழற்றினால் எஞ்சின் உரிய வெப்பநிலையை எட்டாமல் எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும், கொதித்ததற்கான உண்மையான காரணமும் அப்படியே இருக்கும். பழுதாகியிருந்தால் புதியதைப் பொருத்தச் சொல்லுங்கள்.